குப்பைக்குப் போன யானை

எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் அந்த மின்விசிறிதான். பாளையங்கோட்டை தபால்தலைக் கண்காட்சியில், சங்கத் தலைவர் சொர்ணலிங்கம் விக்டோரியா ராணியின் அரையணாத் தபால்தலையையும், அதே மாதிரி அச்சடித்த போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். மண்டபம் பெருக்கும் பூரணத்தம்மாள் புழுக்கமாக இருக்கிறதே என்று விசிறியைப் போட்டாள். இரண்டும் பறந்துபோய்த் தரையில் விழுந்தன.

எது அசல், எது போலி? தலைவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தலைதான் சுற்றியது.

"நீதானே கலந்துவிட்டே? நடுவர் வர்றதுக்குள்ள அசலைக் காட்டு. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

பூரணம், ஐந்நூறு ரூபாய் நோட்டில் காந்தி தெரிகிறாரா என்று பார்ப்பதுபோல, இரண்டையும் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"ஐயா, இதுக்குள்ள ஒரு யானைத் தலை தெரியுது. அதுல ஒண்ணுமில்ல. இதுதான் அசலு."

"ராணி படத்துக்குள்ள யானை எப்படி வரும்? அப்போ அதுதான் போலி. குப்பையில போடு!"

"குப்பைன்னா நானே எடுத்துக்கிடட்டுமா?"

"எடுத்துத் தொலை!"

அவள் யானைத் தலை தெரிந்ததை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நடுவர் வந்து, மிச்சமிருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அந்தக் காலத்துத் தாளுக்குள்ள யானைத் தலை இருக்கணுமே. யானை எங்கே, தலைவரே?"

சொர்ணலிங்கம் பூரணத்தின் பக்கம் திரும்பினார். பூரணம் முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினாள்.

"யானையக் குப்பைன்னு சொல்லிட்டாக, ஐயா. இங்க குப்பையெல்லாம் என் பொறுப்பு."