மூக்கு நனையாத நீச்சல்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் அங்கன்வாடி டீச்சர் ஜெயசெல்வி. பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த அந்த வருஷம், ஒரு புதன்கிழமை ஜெபம் முடிந்து, மழைக்கு ஒதுங்கி நின்றபோது சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன். மறந்த இடத்தில் மட்டும் என் சொல்லைப் போட்டிருக்கிறேன்.

ஒரு காட்டாற்றின் நடுவே நாணல் திட்டு ஒன்று இருந்தது. அதில் வளை தோண்டிக் குடியிருந்தாள் பவளம் என்ற நீர்நாய். அவளுக்கு ஒரே குட்டி. பெயர் குமிழி.

நீர்நாய்க் குட்டிக்குப் பிறக்கும்போதே நீச்சல் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். தெரியாது. தண்ணீரைக் கண்டால் அதற்கு நம் பிள்ளைகளைவிடப் பயம். தாய்தான் பிடரியைக் கவ்வித் தரதரவென்று இழுத்துப்போய்த் தண்ணீரில் போடவேண்டும். குட்டி கத்தும். தாய் விடமாட்டாள். நீர்நாய்க் குலத்தில் அதுதான் வழக்கம்.

பவளத்தால் அது முடியவில்லை. போன வருஷம் ஆடியில் புதுவெள்ளம் வந்தபோது அவளுடைய மூத்த குட்டியை ஆறு கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து குமிழியின் பிடரியை வாயில் எடுத்தாலே அவளுக்குப் பல் நடுங்கும். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று இறக்கிவிட்டுவிடுவாள்.

நாளை நாளை என்று ஆனி பாதி போய்விட்டது. ஆடி பிறந்தால் மலைத்தண்ணீர் இறங்கும். திட்டு முழுகும். வாயில் கவ்விக்கொண்டு கரைக்குப் போகலாம் என்றால் குட்டியும் கனத்துவிட்டது. வெள்ளம் வருவதற்குள் குமிழி நீந்தப் பழகவேண்டும். வேறு வழி கிடையாது.

பக்கத்து நாணலில் ஒரு நாமக்கோழி இருந்தாள். நெற்றியில் வெள்ளை நாமம். நாக்கில் கொஞ்சம் புளி.

"என்ன மதினி, பிள்ளைய இன்னும் பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க? என் பிள்ளைங்க முட்டைய உடைச்ச மறுநாளே மிதந்துச்சு!"

"உங்க பிள்ளைங்க தக்கை மதினி. என் பிள்ளை கல்லு. போட்டா முழுகிரும்" என்றாள் பவளம்.

"அட, எந்தக் காலத்துல இருக்கீங்க! கரிச்சான் குருவிகிட்ட இப்ப ஒரு பலகை வந்திருக்கு. தொட்டா பேசுது. எல்லாப் பாடமும் அதுலதான். கூப்பிட்டு விடட்டுமா?"

சொல்லி முடிக்கவில்லை. இரட்டை வாலை ஆட்டிக்கொண்டு கரிச்சான் வந்து இறங்கிவிட்டான். காலில் பளபளவென்று ஒரு பலகை. நம் வீடுகளில் இருக்கிறதே போன், அதே மாதிரிதான்.

"அக்கா! இழுக்கவேண்டாம், அழவைக்கவேண்டாம். மூக்கு நனையாமலே நீச்சல்! பத்தே நாள்ல பிள்ளை நீச்சல் புலி!"

"நிஜமாவா தம்பி? யாராவது பழகியிருக்காங்களா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க!" என்று கரிச்சான் பறந்து கரையிலிருந்த மருதமரத்துக்குப் பின்னால் போனான். அங்கிருந்து மைனாவின் குரல் கேட்டது: "ரொம்ப அருமை! எங்க வீட்ல எல்லாரும் இதுலதான்!" அப்புறம் கிளியின் குரல்: "என் பிள்ளை ஆளே மாறிட்டான்!" அப்புறம் குயிலின் குரல்: "இது இல்லாத வீடு ஒரு வீடா!"

பவளத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. "இதுக்கு நான் என்ன தரணும்?"

"ஒண்ணும் வேணாம், ஓசி! பிள்ளைங்க படிப்புக்குப் போய்க் கை நீட்டுவேனா!"

பவளம் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "படைச்சவனே, என் பிள்ளைக்கு ஒரு வழி விட்டுட்டே" என்றாள்.

அன்றிலிருந்து வளையில் ஒரே பாட்டுச் சத்தம். பலகையில் பாறைகளுக்கு நடுவே ஒரு நீல ஆறு ஓடும். அதில் ஒரு மஞ்சள் நீர்நாய் நீந்தும். குமிழி விரலால் தட்டினால் அது முங்கும்; மறுபடி தட்டினால் எழும்பும். "சபாஷ்! நீச்சல் புலி!" என்று பலகை கத்தும். ஒரு நட்சத்திரம் வந்து விழும்.

பவளம் நிம்மதியாக மீன் பிடிக்கப் போனாள். திரும்பி வந்ததும் முதலில் பலகையைத்தான் எட்டிப் பார்ப்பாள். அம்பது நட்சத்திரம்! நூறு! முந்நூறு! குட்டியின் முகத்தைப் பார்க்க மறந்துவிட்டாள். கெண்டை மீனை வாயில் வைத்தாலும் குமிழி திரும்பாமலே மென்றது.

இன்னொன்றும் நடந்தது. தாழை வேரடியில் ஒளித்துவைக்கும் மிச்ச மீன் தினமும் காணாமல் போயிற்று. தண்ணீர் இழுத்துப் போயிருக்கும் என்று பவளம் நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் ஆற்றில் சுள்ளியும் சருகும் மிதந்து வந்தன. மலையில் மழை. பவளம் குட்டியைக் கூப்பிட்டாள்.

"குமிழி, வா கண்ணு. பழகினதை அம்மாவுக்குக் காட்டு."

குமிழி பெருமையாக ஓரத்துக்கு வந்தது. ஆற்றைப் பார்த்தது. ஒரு விரலை நீட்டித் தண்ணீரைத் தட்டியது. காத்திருந்தது. மறுபடி தட்டியது.

"அம்மா, இது வேலை செய்யல!"

"எது கண்ணு?"

"தண்ணிதான்! தட்டறேன், ஒண்ணுமே வரல!"

இன்னும் பலமாகத் தட்டியது. கால் வழுக்கியது. தொபுக்கென்று உள்ளே போனது!

பவளம் பாய்ந்தாள். கல்லு மாதிரி இறங்கிக்கொண்டிருந்த குட்டியைக் கவ்வி மேலே போட்டாள். குமிழி தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதது.

"நான் முந்நூறு நட்சத்திரம் வாங்கினேனேம்மா! அது என்னைப் புலின்னு சொல்லிச்சே!"

பவளம் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. ஈரக்குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பிள்ளை பொய் சொல்லவில்லை. பிள்ளையிடம் யாரோ பொய் சொல்லியிருக்கிறார்கள். அதை வாங்கி வளைக்குள் வைத்தது யார்? அவள்தானே!

"படைச்சவனே, என் பயத்துக்கு வசதியா இருக்குன்னு எதையோ நம்பிட்டேன். எனக்குக் கண்ணைத் திற" என்று வேண்டிக்கொண்டாள்.

மத்தியானம் குமிழி தூங்கியதும், பவளம் முதல்முறையாகத் தானே பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். குட்டி மாதிரியே தட்டிப் பார்த்தாள்.

மஞ்சள் நீர்நாயைத் தட்டினாள். "சபாஷ்! நீச்சல் புலி!"

பாறையைத் தட்டினாள். அதில் முட்டினால் மண்டை உடையும். "சபாஷ்! நீச்சல் புலி!"

திரும்பும்போது வால் பட்டுவிட்டது. "சபாஷ்! நீச்சல் புலி!"

"ஐயோ, என் வாலுக்கும் சபாஷா!" என்று பவளம் தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போது பலகை குழைந்து பேசியது: "செல்லமே, அடுத்த ஆற்றுக்குப் போகலாமா? முதல்ல சொல்லு. அம்மா மிச்ச மீனை எங்கே வைப்பாங்க?"

பவளத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீச்சலுக்கும் மீன் வைக்கிற இடத்துக்கும் என்ன சம்பந்தம்? எழுந்துவிட்டாள். உடனே பலகை அழுகிற குரலில் கெஞ்சியது: "போகாதே! போகாதே! இன்னும் ஒரே ஒரு நட்சத்திரம்!"

சொன்னால் நம்பமாட்டீர்கள், அவள் திரும்பவும் உட்கார்ந்துவிட்டாள்! அப்புறம்தான் சுதாரித்தாள். "ரெண்டு பிள்ளை பெத்த எனக்கே இப்படி இழுக்குதுன்னா, பச்சைப்பிள்ளை என்ன செய்யும், பாவம்!"

பலகையைக் குப்புறக் கவிழ்த்து வளையின் மூலையில் தள்ளினாள். கரிச்சானைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அன்னைக்கு மைனா, கிளி, குயில் மூணு பேரும் பேசினாங்களே. கொஞ்சம் கூப்பிடு. நானும் நாலு வார்த்தை கேக்கணும்."

கரிச்சான் கிளையில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தான். "அது... அவங்க வலசை போயிட்டாங்கக்கா."

"மைனா என்னைக்குடா வலசை போச்சு? மூணு குரலும் உன் தொண்டைதானே?"

கரிச்சானின் இரட்டை வாலும் தொங்கிப்போயிற்று.

"சரி, அது போகட்டும். இன்னொண்ணு கேக்கறேன். உன் குஞ்சுங்களுக்குப் பறக்கறதை இந்தப் பலகையிலயா பழக்கினே?"

"ஐயையோ! அதெப்படிக்கா? கிளையில நிறுத்தித் தள்ளிவிட்டுத்தான். விழும், எந்திரிக்கும். நான் கூடவே பறப்பேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"வயித்துப் பிழைப்புக்கா. நாலு குஞ்சு. பலகை கேட்டுச் சொன்ன இடத்துல போய் மீன் எடுத்தேன். மன்னிச்சுக்கோங்க."

"பசின்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேனே தம்பி" என்றாள் பவளம். இருந்த இரண்டு கெண்டையில் ஒன்றை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். "கேள்வி கேக்காத, கெஞ்சாத பலகை ஏதாவது உன்கிட்ட இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. சாம்பல் கலரு. பாடாது, ஆடாது. ரெண்டு வார்த்தை சொல்லிட்டு அணைஞ்சிரும். யாரும் கேக்கல. அதுமேல உட்கார்ந்துதான் நான் புழு தின்கிறேன்."

"கொண்டு வா. இந்தத் தடவை நான் முதல்ல பார்த்துட்டுத்தான் பிள்ளைக்கு."

கொண்டு வந்தான். அதிலும் ஒரு ஆறு தெரிந்தது. பவளம் அதன் பாறையைத் தட்டினாள். "அது இல்லை. மறுபடி பார்" என்றது சாம்பல் பலகை. வாலால் தட்டினாள். பேசாமல் இருந்தது. வீடு எங்கே, மீன் எங்கே என்று கேட்கவே இல்லை. பாறை இல்லாத நல்ல வழியைத் தொட்டதும் இப்படிச் சொன்னது:

"மூச்சைப் பிடி. ஐந்து எண்ணு. இப்போது போய்த் தண்ணீரில் முகத்தை வை. அம்மா பக்கத்தில் இருக்கட்டும்."

அவ்வளவுதான். அணைந்துவிட்டது.

"அம்மா பக்கத்தில் இருக்கட்டும்." அந்த ஒரு சொல் பவளத்தின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இத்தனை நாள் அவள் இல்லாத இடம் அதுதானே!

குமிழி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தது. "அம்மா, இந்தப் பலகை தூங்கிருச்சு!"

"தூங்கட்டும். நம்ம வேலை இனிமேதான். வா."

பிடரியைக் கவ்வினாள். பல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விடாமல் இழுத்தாள். குமிழி ஊரைக் கூட்டியது! நாமக்கோழி நாணலை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி இவ்வளவு சத்தம்? இன்னைக்கு எத்தனை நட்சத்திரம்?"

"நட்சத்திரம் இல்ல மதினி. மூக்கு நனைஞ்சிருக்கு!"

முதல் நாள் முகம். மறுநாள் காது. அடுத்த நாள் ஒரு முங்கு. ஒவ்வொரு காலையும் சாம்பல் பலகை இரண்டு வார்த்தை சொல்லும். மிச்சத்தை ஆறு சொல்லும். பாதி நாள் குமிழி தண்ணீர் குடித்தது. பாதி நாள் பவளம் அழுதாள். ஆனால் பக்கத்தை விட்டு நகரவில்லை.

ஆடி பிறந்து நாலாம் நாள், நல்ல வெயில் நேரத்தில், புதுவெள்ளம் செந்நிறமாக இறங்கியது. நாமக்கோழி குஞ்சுகளோடு மிதந்து போய்விட்டாள். திட்டு விரல் விரலாகச் சுருங்கியது. தண்ணீர் வளைக்குள் புகுந்தது.

"அம்மா, பக்கத்துல இருப்பியா?"

"இருப்பேன். மூச்சைப் பிடி."

இரண்டு பேரும் குதித்தார்கள். பாதி ஆறு தாண்டினார்கள். அங்கே ஒரு சுழல். குமிழியை உள்ளே இழுத்துவிட்டது!

பவளத்தின் கண்ணுக்கு முன்னால் போன வருஷம் வந்து நின்றது. முங்கித் தேடினாள். ஒரே சேறு. எழும்பினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு...

செந்தண்ணீரில் முதலில் நாலைந்து குமிழிகள் வந்தன. அப்புறம் குமிழி வந்தது! மூக்கைத் தூக்கிக்கொண்டு, காலை உதைத்துக்கொண்டு, சுழலுக்கு வெளியே!

"அஞ்சு எண்ணினேம்மா!"

கரைப் பாறையில் ஏறி இருவரும் மூச்சு வாங்கினார்கள். அப்போது நாணல் குப்பையோடு அந்தப் பளபளப் பலகை சுழன்று சுழன்று வந்தது. "போகாதே! போகாதே! இன்னும் ஒரே ஒரு..." என்று கத்திக்கொண்டே களுக்கென்று முழுகிப்போனது.

குமிழி கண்ணை அகல விரித்துப் பார்த்தது.

"ஏம்மா, நீச்சல் சொல்லிக் குடுத்ததே, அதுக்கு நீச்சல் தெரியாதா?"

மருதமரத்தில் இருந்த கரிச்சான் சிரித்துவிட்டான். "சபாஷ் குமிழி!" என்றான். இந்தத் தடவை மைனா குரலும் இல்லை, கிளி குரலும் இல்லை. அவனுடைய சொந்தக் குரல்.

பிள்ளைக்குக் கற்றுத்தர வந்த கருவி நல்லதா கெட்டதா என்பது அதன் மினுக்கிலும் பாராட்டிலும் தெரியாது, அதை அணைத்துவைத்த பிறகு பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிகிறது என்பதில்தான் தெரியும்.

இதைக் கேட்ட உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று உங்கள் பிள்ளை போனில் பாடம் பார்க்கும்போது, ஒரு பத்து நிமிஷம் பக்கத்தில் போய் உட்காருங்கள்.