எண்ணிக்கைக்கு மூணு பேர்

ஒரு காட்டுல கபடி டீமை நடத்துனது ஒரு கரடி. கோடை தொடங்கியாச்சு. பக்கத்துக் காட்டோட ஒரே ஒரு ஆட்டம். ஜெயிக்கிற காட்டுக்குத்தான் குளத்துத் தண்ணி. தோத்தா மழை வர்ற வரைக்கும் நாக்கு வறண்டு சாக வேண்டியதுதான்!

நடுவர் யானை ரெண்டு சட்டம் போட்டிருந்துச்சு. ஒரு டீமுக்கு மொத்தக் கூலி நூறு தேனடை, அதுக்கு மேல கூடாது. வசதியான காடு எல்லாரையும் வளைச்சுப் போட்டுறக் கூடாதுல்ல? ரெண்டாவது, ஏழு பேர்ல மூணு பேராவது அந்தக் காட்டுலயே பிறந்தவங்களா இருக்கணும்.

கரடி மலையிலிருந்து ஒரு சிறுத்தையை இறக்குச்சு. கூலி எண்பத்தெட்டு தேனடை! கூடவே மூணு மலைக்குரங்கு. உள்ளூர்ல உடும்பு, ஆமை, முள்ளம்பன்றி. இந்த ஆறு பேருக்கும் ஆளுக்கு ரெண்டே ரெண்டு.

உடும்புக்குக் கூலி கவலை இல்ல. பொந்துல நாலு குட்டிங்க இருக்கு. தண்ணி இல்லன்னா அதுங்க கதி? நேரா கரடிகிட்ட போய்க் கேட்டுச்சு.

"அண்ணே, எங்களுக்கும் பிடி பழக்கிக் குடுங்க! யாரு காலைப் பிடிக்கணும், யாரு எப்ப மேல விழணும்னு ஒண்ணும் தெரியாது!"

"உனக்கெதுக்குடா பழக்கம்? நீங்க எண்ணிக்கைக்கு! மூலையில நில்லு, போதும்!"

"சிறுத்தை அவுட்டாயிட்டா?"

"வாயைக் கழுவுடா!"

தினமும் சிறுத்தை மட்டும் 'கபடி கபடி'ன்னு பாடிப் பழகுச்சு. முள்ளம்பன்றி அதுக்கு இலையால விசிறுச்சு. உடும்பு மூலையில நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு.

ஆட்டம் வந்துச்சு. சிறுத்தை பாயப் பாய பாயிண்ட் ஏறுச்சு. ஆனா எதிராளிங்க சும்மாவா இருப்பாங்க? கடைசியில ஏழு பேரும் சேர்ந்து அமுக்கிட்டாங்க. சிறுத்தை அவுட்! குரங்குங்க மூணும் அடுத்தடுத்து வெளிய. ரெண்டு பக்கமும் சமமான பாயிண்ட். களத்துல மிச்சம் உள்ளூர் மூணு பேர்.

கடைசிப் பாட்டுக்கு எதிராளிங்க பக்கத்துல இருந்து கடமான் வந்துச்சு. "கபடி கபடி கபடி..."

உடும்பு பாஞ்சு காலை இறுக்கிப் பிடிச்சுச்சு. அசுரப் பிடி!

"மேல வந்து விழுங்கடா!"ன்னு கத்துச்சு.

"இப்பவா?"ன்னுச்சு ஆமை.

"நான் விழுந்தா முள்ளு உன்னைக் குத்துமேடா!"ன்னு முள்ளம்பன்றி தயங்குச்சு.

அந்த ஒரு மூச்சுல கடமான் உடும்பையும் சேத்து இழுத்துக்கிட்டுக் கோட்டைத் தொட்டுருச்சு. உடும்பு கடைசி வரைக்கும் பிடியை விடல. என்ன பிரயோஜனம்?

சிறுத்தை உடம்பை உதறிக்கிட்டு எழுந்துச்சு. "வருத்தமா இருக்குப்பா. எங்க மலையில அருவி இருக்கு, நான் கிளம்புறேன்."

கரடி கத்துச்சு: "எல்லாம் அந்த யானைச் சட்டத்தால! உள்ளூர்ப் பயலுகளை என் தலையில கட்டுனாங்க!"

"சட்டம் எங்களைச் சேக்கச் சொல்லுச்சு. பழக்காதேன்னு சொல்லுச்சா?"ன்னு கேட்டுச்சு உடும்பு.

குளத்துல பக்கத்துக் காட்டு மானுங்க தண்ணி குடிக்கிற சத்தம்தான் கேட்டுச்சு.

பேருக்குச் சேத்துக்கிட்டு மூலையில நிறுத்துனா, உயிரையே குடுக்கத் துடிக்கிறவனாலயும் ஊரைக் காப்பாத்த முடியாது.