வேங்கைக் கன்றும் வெள்ளைப் பூசணமும்

அந்தக் காலத்தில் மரத்துக்கும் வாய் இருந்தது, மண்ணுக்குள் கிடந்த பூசணத்துக்கும் வாய் இருந்தது. மனிதர்களுக்குத்தான் காதுகொடுக்கப் பொறுமை இல்லை.

ஒரு காட்டுத்தீயில் மலைச்சரிவு மொட்டையானது. ஓடைக்கரையில் கிழட்டு வேங்கை மரம் ஒன்று மட்டும் தப்பியது. சரிவில் மரம் இல்லையென்றால் ஊற்று வற்றிவிடும் என்று அடிவாரத்து ஊரில் இருந்த மாதி என்ற பெண்ணுக்குத் தெரியும். அந்த வேங்கையின் விதைகளைப் பொறுக்கி நாற்று விட்டாள்.

முளைத்த கன்றுகள் ஒவ்வொன்றாய்க் கழுத்து ஒடிந்து சாய்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கொழகொழவென்று இருந்தது. அழுகல் பூசணத்தின் வேலை.

"பூசணம் என்று பேர் உள்ளவன் எவனும் இனி என் பாத்திக்குள் வரக்கூடாது!" என்றாள் மாதி. மிச்சக் கன்றுகளின் வேரில் வெள்ளை நூலாய் ஒட்டியிருந்ததையும் விடாமல் ஓடையில் அலசினாள். அலச அலசச் செத்தன. கடைசியில் ஆறே கன்றுகள். வேங்கையோ, "எனக்கு இனிக் காய்க்கத் தெம்பில்லை, மகளே" என்றுவிட்டது.

அதன் காலடிச் சருகுக்குள்ளிருந்து வெள்ளைப் பூசணம் கூப்பிட்டது. "அக்கா, இந்த ஆறையும் கழுவிவிடாதே. வேருக்கு நான் காவல் இருக்கிறேன்."

"நீ வேறு வந்துவிட்டாயா? உன் பங்காளி தின்றது போதாதா?"

"அவன் எனக்குப் பங்காளி என்று யார் சொன்னது? உங்கள் ஊரில் ஒருத்தன் திருடினால் ஊரையே கட்டி வைத்து அடிப்பார்களா?"

மாதிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "சும்மாவா காவல் காப்பாய்? உனக்கு என்ன வேணும், அதைச் சொல்."

"இலை வெயிலில் சமைக்கிற இனிப்பில் ஒரு வாய். வேரைச் சுற்றிப் படுத்துக்கொள்வேன். அழுகல்காரன் வந்தால் அவனை வளைத்து நானே தின்றுவிடுவேன்."

"தின்பதைத் தவிர உங்கள் கூட்டத்துக்கு வேறு பேச்சே இல்லையா?"

"நீ என்ன, பட்டினியா கிடக்கிறாய்?"

மாதிக்கு முழுசாக நம்ப மனம் வரவில்லை. மூன்று கன்றின் வேரில் வேங்கையடி மண்ணை அப்பி நட்டாள். மூன்றைக் கழுவி நட்டாள்.

எட்டாம் நாள் கழுவிய மூன்றும் மண்ணோடு படுத்துவிட்டன. மற்ற மூன்றும் தளிர் விட்டு நின்றன. செத்தவற்றைப் பிடுங்கி வேரைத் தடவிப் பார்த்தாள் மாதி.

"உன்னை நம்பியிருந்தால் ஆறும் நின்றிருக்கும்."

"நின்றிருக்கும். தானாகவே பிழைத்தன என்று நீயும் சொல்லியிருப்பாய்" என்றது பூசணம்.

பிழைத்த மூன்றின் விதையில்தான் சரிவு மறுபடி மூடியது, ஊற்றும் ஓடியது. காட்டு மரக்கன்றை நடுகிறவர்கள் அன்று முதல்தான் வேரைக் கழுவுவதை விட்டார்கள். பெரிய மரத்தடியிலிருந்து ஒரு பிடி மண் அள்ளிவந்து குழியில் போட்ட பிறகே கன்றை இறக்குகிறார்கள். என்ன மண் என்று கேட்டால் 'தாய்மண்' என்பார்கள். பூசணம் என்று சொல்ல மட்டும் இன்னும் வாய் வரவில்லை.