தளவாய் நின்ற ஜாமீன்

தேன்கரை அரண்மனையில் அன்று காலை வைரவனைக் காவலர்கள் இருபக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தப்பி ஓடுவான் என்று அல்ல. காற்றடித்தால் விழுந்துவிடுவான் என்று. அத்தனை ஒல்லி. கோயில் நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவன். ராகம் எங்கெங்கோ சுற்றிவரும். இவன் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பான்.

முந்தின இரவு தளவாய் குமாரசிங்கர் வீட்டுச் சுவரில் எவனோ துளை போட்டுக் கன்னம் வைத்து, அவர் வெற்றிலை துப்பும் வெள்ளிப் படிக்கத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

"துளை இத்தனூண்டுதான் மகாராஜா" என்று தளவாய் கைகளை வளைத்துக் காட்டினார். "இதில் நுழைகிற உடம்பு இந்த ஊரில் இவனுடையது ஒன்றுதான். எவன் நுழைவானோ அவனே திருடன். வேறு சாட்சி எதற்கு?"

"சாமி, நான் ராத்திரி முழுக்கக் கோயிலில் ஊதிக்கொண்டிருந்தேன்" என்றான் வைரவன்.

"பார்த்தது யார்?"

வைரவன் யோசித்துப் பார்த்தான். "ஒத்துக்காரனை யார் சாமி பார்க்கிறார்கள்?"

"தை பிறந்ததும் விசாரணை. அதுவரை சிறையில் இருக்கட்டும்" என்றார் சொக்கேந்திர மகாராஜா.

வைரவனுக்கு மனைவியின் நினைப்பு வந்தது. வீட்டில் செண்பகம் நிறைமாதமாக இருக்கிறாள். தலைப்பிரசவம். ஒரு வாய் வெந்நீர் வைத்துக்கொடுக்கவும் வேறு ஆள் இல்லை.

அப்போது அரசவை விகடர் ஆவுடையப்பர் எழுந்தார். "யாராவது ஜாமீன் நின்றால் விட்டுவிடலாமே மகாராஜா? இவன் ஓடிப்போனால் ஜாமீன் நின்றவரைப் பிடித்து உள்ளே போடலாம். சிறைக்கும் ஆள் குறையாது."

மன்னர் தளவாயைப் பார்த்தார். தளவாய் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

"தாராளமாக விடலாம். ஆனால் ஜாமீன் நிற்பவருக்குக் கோட்டைக்குள் சொந்த வீடு இருக்க வேண்டும். இவனுக்கு உறவாகவோ சிநேகிதராகவோ இருக்கக் கூடாது. இவன் ஓடிவிடக் கூடாதே என்று அல்லும் பகலும் தவிக்கிறவராக இருக்க வேண்டும். அப்படி ஒரு பைத்தியக்காரன் கிடைத்தால் கூட்டிவாரும்!"

"கூட்டிவருவானேன்? இங்கேயே இருக்கிறார்."

"யார்?"

"கோட்டைக்குள் உமக்கு வீடு உண்டா?"

"அதில்தானே ஐயா கன்னம் வைத்தான்!"

"இவன் உமக்குச் சிநேகிதனா?"

"கழுத்தை நெரித்துவிடுவேன்!"

"இவன் ஓடிப்போனால் உம்மைவிடத் தவிக்கிறவர் யாராவது உண்டா?"

தளவாய் வாயைத் திறப்பதற்குள் மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தளவாயே ஜாமீன் என்று முடிவானது.

அன்றிலிருந்து வைரவனுக்குத் தளவாய் வீட்டு வாசம். தனியாக விட்டால் பெண்டாட்டியைப் பார்க்க ஓடுவானே என்று செண்பகத்தையும் பல்லக்கு அனுப்பி வரவழைத்தார் தளவாய். பிள்ளை பிறந்தது. அழுகிற பிள்ளைக்குப் பயந்து தகப்பன் கிளம்பிவிட்டால்? தொட்டிலைத் தாமே ஆட்டினார். பசித்தவன் ஓடுவான் என்று நெய்த்தோசை போட்டார். நெய் திகட்டி ஓடிவிட்டால் என்ன செய்வது என்று பால்பாயசம் கொடுத்தார்.

கோயிலில் வைரவன் ஊதும்போது எதிரிலேயே உட்கார்ந்து இமைக்காமல் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன்னையும் ஒருவர் பார்க்கிறார் என்பதில் வைரவனுக்குக் கூச்சமாக இருந்தது, கொஞ்சம் இனித்தது.

விசாரணை முடியும்வரை துளையை அடைக்கக் கூடாது என்பது தளவாய் போட்ட உத்தரவுதான். ஆகவே இரவெல்லாம் அதன் எதிரில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வைரவனுக்குக் கன்னம் உப்பியது, தொந்தி விழுந்தது. தளவாய்க்குக் கண் குழிந்தது, இடுப்பு வேட்டி நிற்காமல் நழுவியது.

தை பிறந்தது. மன்னர் பரிவாரத்தோடு துளையைப் பார்க்க வந்தார்.

"நுழையப்பா" என்றார் ஆவுடையப்பர்.

வைரவன் தலையை விட்டான். தோளை விட்டான். தொந்தி மாட்டிக்கொண்டது. காவலர்கள் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

"நடிக்கிறான்!" தளவாய் கத்தினார். "அப்போது இவன் குச்சி மாதிரி இருந்தான், மகாராஜா! நான் போட்ட சோறு இது! மூச்சை அடக்கி ஒருக்களித்துப் போனால் எவனும் போகலாம். இதோ, இப்படி!"

சர்ரென்று உள்ளே போய்விட்டார்.



"எவன் நுழைவானோ அவனே திருடன் என்று சொன்னது யார்?" என்று ஆவுடையப்பர் துளையைப் பார்த்துக் கேட்டார்.



"எவனும் போகலாம் என்றும் அவரே சொல்லிவிட்டார். வைரவா, நீ விடுதலை" என்றார் மன்னர். தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி ஆவுடையப்பருக்குப் போட்டுவிட்டு, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "நுழைந்துகாட்டிய தளவாயை விசாரிக்க வேண்டும். ஆடிவரைக்கும் சிறை. இவருக்கு யாராவது ஜாமீன் உண்டா?"

வைரவனுக்கு மனசு கேட்கவில்லை. "நான் நிற்கிறேன் மகாராஜா. அவர் வீட்டிலேயே குடும்பத்தோடு தங்கி, கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறேன்."

துளையிலிருந்து தளவாயின் தலை பதறிக்கொண்டு வெளியே வந்தது.

"வேண்டாம் மகாராஜா! என்னைச் சிறையிலேயே போடுங்கள். அங்கேயாவது கொஞ்சம் தூங்குகிறேன்!"