அணைத்து வைத்த கைபேசி

முன்னொரு நாள், கடலோர ஊர் ஒன்றில், பிளவேந்திரன் என்ற மீனவனிடம் ஒரு கைபேசி இருந்தது.

வள்ளம் கரையை விட்டு விலக விலக, கோயில் கோபுரம் சிறுத்துக்கொண்டே போய்க் கடலுக்குள் தாழும். அது மறைகிற இடத்தில் கரையில் நிற்கும் டவரின் குரலும் அறுந்துவிடும். உடனே கைபேசியை அணைத்து, பையில் சுற்றி, அரிசி வைக்கும் நீல டிரம்மில் போட்டு மூடிவிடுவார்கள். திரும்பும்போது, “வந்துட்டேன், கஞ்சி எடுத்து வை” என்று சொல்லச் சார்ஜ் மிஞ்ச வேண்டுமே. ஊரில் எல்லா வள்ளத்திலும் இதுதான் வழக்கம்.

ஒரு காலை, வள்ளம் புறப்படும் நேரத்தில், உச்சிவானத்திலிருந்து ஒரு செயற்கைக்கோள் கைபேசியைக் கூப்பிட்டது.

“இனி உனக்கு டவர் வேண்டாம். நடுக்கடலிலும் நானே உன்னோடு நேராகப் பேசுவேன்.”

கைபேசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நொடியே அதற்குப் பகீரென்றது. “ஐயோ, கோபுரம் தாழ்ந்ததும் என்னை அணைத்துவிடுவார்களே! இவர்களிடம் சொன்னீர்களா?”

“சொல்லாமலா? நகரத்தில் பெரிய மண்டபம் பிடித்து, விளக்கேற்றி அறிவித்தோம்.”

“கடலுக்குப் போகிறவன் ஒருத்தனாவது வந்தானா?”

“அழைப்பிதழ் போன இடத்திலிருந்தெல்லாம் வந்தார்கள்,” என்று சொல்லிக்கொண்டே செயற்கைக்கோள் தொடுவானத்தில் இறங்கிவிட்டது.



வள்ளம் போனது. கோபுரம் தாழ்ந்தது.

“லேய் டென்னிசு, போனை அணைச்சு டிரம்முல போடு,” என்றான் பிளவேந்திரன்.

“போட்டாச்சு அத்தான். இனி அக்கா திட்டுறது கேக்காது,” என்று சிரித்தான் அவன் மைத்துனன்.

‘அணைக்காதே! அணைக்காதே!’ என்று கைபேசி கதறியது. மனிதர்களுக்கு அது கேட்கிற குரல் இல்லை. மூடி இறுகியது.

மறுநாள் புயல் ஒன்று அவர்கள் பக்கம் திரும்பியது. செயற்கைக்கோள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. டிரம்முக்குள் இருட்டும் அரிசியும்தான்.

புயல் ஓய்ந்தபின் நீல டிரம் கரை ஒதுங்கியது. அதைக் கட்டிப்பிடித்தபடி டென்னிஸ் வந்தான். பிளவேந்திரன் வரவில்லை.

ஊர் கூடி நிற்க, டென்னிஸ் டிரம்மிலிருந்து கைபேசியை எடுத்து இயக்கினான். தகவல்கள் கொட்டின.

“என்னலே அது?” என்றாள் பிளவேந்திரனின் மனைவி மெற்றில்டா.

“புயல் வருது, உடனே கரை திரும்புங்கன்னு... நாங்க நடுக்கடல்ல நிக்கும்போதே அனுப்பியிருக்கு அக்கா.”

“நடுக்கடல்ல இது பேசுமா?”

“பேசும்னு இதுலதான் போட்டிருக்கு.”

மெற்றில்டா அழவில்லை. கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

மேலே செயற்கைக்கோள் வந்தது. “என்மேல் பிழை இல்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அப்படியே குறித்துவிட்டேன்.”

“குறித்துக்கொள்வாய்!” என்று கைபேசி சீறியது. “ஒவ்வொரு வள்ளமும் உன் கண்ணுக்குத் தெரிகிறது. அதில் இருப்பவன் எப்போது என்னை அணைக்கிறான் என்று கேட்க உனக்குத் துப்பில்லை. நீ பேசுவது மண்டபத்துக்குத் தெரியும். செத்தவனுக்குத் தெரியாது!”

செயற்கைக்கோளுக்கு நிற்க நேரமில்லை. போய்விட்டது.

மெற்றில்டா ஈரமணலில் நடந்தாள். ஒவ்வொரு வள்ளத்தின் முன்னும் நின்று, கைபேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக் கத்தினாள்: “கோபுரம் தாந்தாலும் அணைக்காதீங்கலே! இது அங்கயும் பேசுமாம்! எம் புருசன்கிட்ட ஒருத்தனும் சொல்லல. நான் சொல்லுதேன், கேளுங்க!”

வானம் வரை ஏறியும் சொல்ல முடியாத செய்தியை அவள் ஒரே மாலையில் நடந்தே சொல்லி முடித்தாள்.

அடுத்த முறை வள்ளங்கள் கடலுக்குப் போனபோது ஒரு கைபேசியும் டிரம்முக்குள் போகவில்லை. மேலே கடந்துபோன செயற்கைக்கோள், அத்தனையும் விழித்திருப்பதைக் கண்டு, தன் திட்டம் மாபெரும் வெற்றி என்று குறித்துக்கொண்டது.