பின்வரிசைக் குரல்

மாதா கோயிலுக்கு ஒலிபெருக்கி கட்டும் பிரகாசியிடம் தொழில் படிக்க வந்தவன் சேசுராஜ். அவளைவிட ஒரு வயது மூத்தவன்தான். ஆனாலும் அக்கா என்றே கூப்பிடுவான். கற்றுக்கொடுக்கிறவளை வேறெப்படிக் கூப்பிடுவது? அதற்குமுன் கல்யாண வீடுகளில் பாட்டுப் போட்டவன். நெஞ்சு அதிரவில்லையென்றால் அவன் கணக்கில் அது பாட்டே இல்லை.

அன்று அவன் தம்பி கஸ்பாருக்கு முப்பதாம் நாள் பூசை. காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவேயில்லை, பாவம். பாடற்குழுவில் பின்வரிசையில் நின்று அடிக்குரல் பாடியவன். தனியாக ஒரு பாட்டும் பாடியதில்லை. வீட்டிலும் அதிர்ந்து பேசாதவன். குழு சேர்ந்து பாடிய பதிவு ஒன்றுதான் மிச்சம். பூசைக்கு முன்னால் அதில் மகன் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்று தாய் இஞ்ஞாசியம்மாள் முன்பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பதிவை ஓடவிட்டு, எப்படியாவது தம்பி குரலை மற்ற குரல்களுக்கு மேலே கொண்டுவந்துவிடப் பார்த்தான் சேசுராஜ். அடிக்குரல், கனத்த சத்தத்துக்கென்றே இருக்கும் ஊஃபர் பெட்டியில்தானே வரும் என்று அதை ஏற்றினான். போதவில்லை, இன்னும் ஏற்றினான். சன்னல் கண்ணாடி கடகடத்தது. மெயின் ஸ்பீக்கரில் வந்த சொல்லெல்லாம் அந்த உறுமலில் அமுங்கிப்போயின.

தாய் திரும்பிப் பார்த்தாள். "இதுல எம்புள்ளை எங்கடா?"

அவன் கை மறுபடியும் ஊஃபரை ஏற்றப் போனது. பிரகாசி வந்து அவன் கையை மெல்ல விலக்கிவிட்டு ஊஃபரை இறக்கிக்கொண்டே போனாள். அமுங்கிக் கிடந்த குரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெட்டியின் சத்தம் தனியாகக் கேட்காத இடம் வந்ததும் நிறுத்தினாள். இஞ்ஞாசியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சேசுராஜுக்குப் பொறுக்கவில்லை. செத்த பிறகும் தம்பியைப் பின்வரிசைக்கே அனுப்பிவிட்டாளே!

"ஊஃபர் ஓடவே இல்லையேக்கா. என் தம்பியைக் காணோமே."

பிரகாசி ஊஃபரை மட்டும் அணைத்தாள். பாட்டு என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு சொல் குறையவில்லை.

தாய் சட்டென்று கண் திறந்தாள். "ஏன்டா நிறுத்திட்ட? இப்பத்தானே பாடிக்கிட்டிருந்தான்."

பிரகாசி மறுபடி அதே அளவில் போட்டாள். தாயின் கண்கள் மூடின. உதடு மட்டும் பாட்டோடு சேர்ந்து அசைந்தது.

கேட்காத சத்தம் நின்றுபோனது அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று சேசுராஜ் கேட்டான்.

பிரகாசி அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அவன் உசுரோட இருந்தப்போ, வீட்ல யாருக்காவது அவன் சத்தம் தெரிஞ்சுதா, சேசு?"