இருபத்துநாலு போர்டும் ஒரு கதவும்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் மூன்று பேர். எலெக்ட்ரானிக்ஸ் பாடம் சொல்லும் ஜெசிமா டீச்சர், வயது முப்பத்தொன்று. பாடம் கேட்கும் சில்வெஸ்தர், வயது ஐம்பத்தேழு. மீனவர் சங்கச் செயலாளர் மொத்தா.

மேசையில், புயல் வந்தால் ஊதும் சங்குகளை இயக்கும் சர்க்யூட் போர்டுகள். கரைக்கு ஒன்றாக இருபத்துநாலு.

"ஒரு போர்டும் புது புரோகிராமை ஏத்துக்க மாட்டேங்குது, டீச்சர்," என்றார் சில்வெஸ்தர்.

"பழசு இருந்தா என்ன?"

"துறைமுகத்துல சிக்னலை மாத்திட்டாங்க. பழசுக்கு அது புரியாது. சூறை வந்தாலும் சங்கு ஊதாது."

"விடியக்காலம் நூத்திப் பதினெட்டு வள்ளம் இறங்குது," என்றார் மொத்தா. "சில்வெஸ்தர் மவன் வள்ளமும் சேர்த்து."

டீச்சர் ஒரு போர்டை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்தச் சிப்புல ரீசெட் பின் இருக்கே, அந்தக் காலை எதுல கட்டினீங்க?"

"நேரா அஞ்சு வோல்ட்டுல. முன்னே சங்கு மோட்டார் ஓடினாலே சிப்பு தானா ரீசெட் ஆகும். இனி ஒருத்தன் அசைக்க முடியாது." சில்வெஸ்தருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

கடல்காற்றில் கதவு அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, காத்துக்குத் திறக்காம அதைப் பிடிச்சுக்கோங்க," என்று சொல்லி டீச்சர் வெளியே போனார்.

சில்வெஸ்தர் தோளைக் கொடுத்து அழுத்தினார். சற்று நேரத்தில் கதவு தள்ளப்பட்டது. இன்னும் அழுத்தினார்.

"அண்ணாச்சி, நான்தான்."

"காத்து பலமா இருக்கு, டீச்சர்!"

"காத்து பேசுமா வே?" என்றார் மொத்தா. "டீச்சர் டீயோட நிக்காங்க."

டீச்சர் உள்ளே வந்தார். பாதி டீ கொட்டியிருந்தது.

"இப்ப உள்ளங்கையை மட்டும் வைங்க."

மறுபடி வெளியே போனார். காற்று அடித்தது, கதவு அசையவில்லை. டீச்சர் தள்ளினார், கை மடங்கியது, கதவு திறந்தது. அவர் விட்டதும் கை அதைத் திரும்பச் சாத்தியது.

சில்வெஸ்தர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். புரோகிராம் எழுத வரும் கருவி முதலில் அந்த ரீசெட் காலைத்தான் ஐந்து வோல்ட்டிலிருந்து கீழே இழுக்கும். அது இத்தனை நாளும் வாசலில் நின்று தள்ளியிருக்கிறது.

பிளேடை எடுத்தார். ஐந்து வோல்ட்டுக்குப் போகும் செம்புத் தடத்தை வெட்டினார். வெட்டிய இடத்தில், உள்ளங்கைபோல லேசாகப் பிடிக்கும் பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தார். கருவியை மாட்டினார்.

பச்சை விளக்கு எரிந்தது. புரோகிராம் ஏறிவிட்டது.

பொழுது சாயுமுன் இருபத்துநாலும் இப்படியே சரியாகிக் கரைகளுக்குப் போயின.

மறுநாள் பதினொரு மணிக்குச் சூறை. எல்லாக் கரையிலும் சங்கு ஊதியது.

மொத்தா கரை கரையாகப் போன் போட்டு எண்ணினார். திரும்பியது நூற்றுப் பதினேழு.

சில்வெஸ்தர் பட்டறைக் கதவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தார். வெளியிலிருந்து யாரோ தள்ளினார்கள். கை மடங்கியது.

"அப்பா, நான்தான்."

கடலில் மிச்சம், சைபர்.